பத்தொன்பது வெள்ளைப் பட்டைகள்

ஜூன் 17

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீ, அண்ணி, பாப்பா மூவரும் நலம்தானே? பாப்பாவின் முன்பல் விழுந்ததா, இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறதா? உன் முதுகுவலி எப்படி?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை, நான்காவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால் நீ சொன்னபடி எழுதுகிறேன். எழுதும்போது உன்னால் குறுக்கே பேச முடியாது. அந்த வகையில் எனக்கு லாபம்.

புதுப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. மூன்றாம் வகுப்பு. முப்பத்தாறு பேர். பத்தொன்பது பெண்கள், பதினேழு பையன்கள். தலைமையாசிரியர் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்குகிறது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான். நான் இன்னும் அவர் எதிரில் அதை உளறிவிடவில்லை.

கணக்குப் புத்தகத்தில் தரவு என்று ஒரு பாடம். "ஒரு கடையில் ஆப்பிள் பத்து, ஆரஞ்சு எட்டு, திராட்சைக் குலை ஆறு விற்றன. படம் வரைக." எந்தக் கடை? எண்ணியது யார்? யாரோ எண்ணிக் கொடுத்ததற்கு இவர்கள் எதற்கு வண்ணம் அடிக்க வேண்டும்? புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என் திட்டம் இது. ஆளுக்கு ஒரு நீளமான காகிதப் பட்டை. எங்கள் வகுப்புக்கென்று குழாய் வைத்த தண்ணீர் டிரம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு தட்டில் நீல வண்ணம். ஒரு டம்ளர் குடித்தால் கட்டைவிரலைத் தோய்த்துப் பட்டையில் ஒரு பதிவு. கட்டைவிரல் ரேகை பார்க்கத் துளி மாதிரியே இருக்கும். வாரக் கடைசியில் பட்டைகளைச் சுவரில் வரிசையாக ஒட்டினால் அதுதான் பட்டை வரைபடம். அதுவே ஓவியமும். யாருக்குத் தாகம், யாருக்கு இல்லை, எல்லாம் அவரவர் விரலே சொல்லும்.

சொல்லி முடிக்கவில்லை, பின்வரிசைப் பையன் எழுந்தான். "டீச்சர், ரெண்டு மடக்கு குடிச்சா பாதி கட்டைவிரலா?"

அரை டம்ளருக்குக் கீழே கணக்கில்லை என்று ஓட்டெடுத்து முடிவு செய்தோம். உடனே முதல் வரிசையிலிருந்து ஒருத்தி: "அப்போ அரை டம்ளர் ரெண்டு தடவ குடிச்சா? அது ஒண்ணுதானே? ஏன் விடணும்?" வகுப்பே அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுகிறது. அவள் அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறார். கேள்வியிலும் அந்தச் சூடு இருக்கிறது.

பதில் எழுது. நான்கு வரியாவது.

உன் தங்கை

*

ஜூன் 29

வாயாடிக்கு,

இங்கே மூவரும் நலம். உன் நலமே வேண்டுகிறேன். பல் விழுந்துவிட்டது. அதைத் தீப்பெட்டியில் போட்டு வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிகிறாள். முதுகு அப்படியேதான்.

உன் வக்கீல் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். எங்கள் கட்டடப் பிரிவிலும் இதே வழக்குதான். அரை அடியைச் சேர்ப்பதா, விடுவதா என்று ஒப்பந்தக்காரரும் நானும் வெயிலில் நின்று கத்திக்கொண்டிருப்போம். ஓவர்சியர் வேலை என்றால் டேப்பைப் பிடித்துக்கொண்டு கெட்ட பெயர் வாங்குவது. அளவுப் புத்தகத்தில் நான் எழுதியதுதான் கட்டடம். எழுதாதது கட்டடமே இல்லை.

நல்ல யோசனை. வண்ணம் சட்டையில் பட்டால் அம்மாக்கள் உன்னைச் சும்மா விடமாட்டார்கள். எச்சரிக்கை.

உன் பள்ளிக் கட்டடம் எது? பெயரைச் சொன்னால் எனக்குப் பிடிபடாது. ஒரே தளமாக, முழங்கை மடக்கியது போல வளைந்து, பின்னால் அச்சகத்தின் மதில் இருக்குமே, அதுவா?

அண்ணி விசாரித்ததாகச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜூலை 8

அன்புள்ள அண்ணா,

நலமா? என்னைக் கேட்காதே. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருக்கிறது.

அதே கட்டடம்தான். முழங்கை, அச்சக மதில் எல்லாம் சரி. உனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருந்தாயா?

நடந்ததைக் கேள். முதல் நாள் மாலை பட்டைகளைப் பார்த்தேன். பையன்கள் அறுபத்தெட்டுத் துளி. பெண்கள் ஒன்பது. பத்தொன்பது பேர் சேர்ந்து ஒன்பது! எண்ணக்கூடச் சோம்பல் என்று நினைத்துவிட்டேன். நிற்க வைத்துத் திட்டினேன். "விரலைத் தோய்க்கிறது அவ்வளவு கஷ்டமா? பசங்களுக்கு இருக்கிற அக்கறை உங்களுக்கு இல்ல?" என்று கேட்டேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வக்கீல் கூட.

மறுநாள் பெண்கள் பட்டைகளில் மட்டும் தொண்ணூற்று மூன்று துளி. அதற்கு மறுநாள் நூற்றொன்று. வெள்ளிக்கிழமை சுவரில் ஒட்டியபோது அப்படி ஒரு நீலம். விசில் வந்து நின்று பார்த்துவிட்டு, "கடல் மாதிரி இருக்கே டீச்சர்" என்றார். நானும் பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் நூற்று அறுபத்து நான்கு டம்ளர். எங்கள் டிரம்மில் நூறு டம்ளர்தான் பிடிக்கும். காலையில் ஒருமுறைதான் நிரப்புகிறார்கள். மாலையில் அடியில் கால்வாசி மிஞ்சுகிறது, அதைச் செடிக்கு ஊற்றுவதே நான்தான். அப்படியானால் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது?

திங்கட்கிழமை வகுப்பில் கேட்டேன். திட்டவில்லை. தரையில் அவர்களோடு உட்கார்ந்து கேட்டேன். எல்லாரும் வக்கீலைப் பார்த்தார்கள். அவள் பாவாடையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"குடிக்கல டீச்சர். நீங்க திட்டினீங்கல்ல, அதான் வச்சோம்."

"ஏன் குடிக்கல?"

"குடிச்சா போகணும்ல?"

"போனா என்ன?"

"எங்க போறது?"

அண்ணா, அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறது. நான்கு அறை. வெளியே ரோஜா நிறத்தில் வண்ணம், கதவில் ஒரு பெண் குழந்தையின் படம். பூட்டியிருக்கிறது. சாவி விசிலிடம். பையன்கள் மதில் ஓரம் போகிறார்கள். பெண்கள் காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை அடக்கிக்கொள்கிறார்கள். ஆறு வயதிலிருந்து பழக்கம். "மதியத்துக்கு மேல தொண்டை காயும் டீச்சர், எச்சில முழுங்கிக்கலாம்" என்று ஒருத்தி எனக்கே உபாயம் சொல்லித் தருகிறாள்.

இதற்கு மேலும் இருக்கிறது. வக்கீல் கேட்டாள், "டீச்சர், உங்களுக்கு ஏன் பட்டை இல்ல?" இருந்தால் எத்தனை துளி என்று யோசித்தேன். ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மதியம் ஒருமுறை கதவைத் திறந்துவிடுவார். அவருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நானும் மற்ற டீச்சர்களும் குடிப்பதே இல்லை. இரண்டு வாரத்தில் நானே பழகிவிட்டேன். பழகிவிட்டு அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

நீ கட்டடக்காரன். சொல், கட்டி முடித்த கழிப்பறையை எதற்குப் பூட்ட வேண்டும்? யாரிடம் எழுத வேண்டும்? சீக்கிரம் பதில் போடு. பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை

*

ஜூலை 30

வாயாடிக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

நீ சொன்ன விஷயம் வருத்தம்தான். ஆனால் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத இடத்தில் நீ எல்லாவற்றையும் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. தலைமையாசிரியருக்கு ஏதாவது காரணம் இருக்கும். குழாயில் தண்ணீரே வராத கட்டடத்தைத் திறந்துவிட்டு அவர்தான் என்ன செய்வார்? நாறிப்போகும், நோய் வரும், பழி அவர் மேல் விழும். காலப்போக்கில் சரியாகும்.

நீ பேசாமல் அந்த ஆப்பிள், ஆரஞ்சையே வரையச் சொல். பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

மழைக்காலம் வருகிறது. குடை வாங்கிக்கொள்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. குடை என்னிடம் இருக்கிறது.

ஆப்பிள் வரையச் சொல்லவில்லை. புதிதாகப் பட்டை வெட்டிக் கொடுத்து, திட்டமாட்டேன், மதிப்பெண் கிடையாது, உள்ளபடி வையுங்கள் என்றேன். ஐந்து நாள். பையன்கள் முந்நூற்று நாற்பத்தேழு. பெண்கள் நாற்பத்து நான்கு. பழைய கடலுக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். ஒரு பாதி நீலம், மறுபாதி சுண்ணாம்பு அடித்த சுவர் போல. கடைசியில் இருபதாவதாக ஒரு வெள்ளைப் பட்டை, என்னுடையது.

விசில் வந்தார்.

"என்ன டீச்சர் இது, பெயிண்ட் தீந்துபோச்சா?"

"இல்ல சார். அது பெண்கள் பக்கம். தண்ணி குடிக்கல."

"ஏன் குடிக்கல?"

"சாவி உங்ககிட்ட இருக்கு சார்."

விசிலை வாய்வரை கொண்டு போனார். ஊதவில்லை.

மறுநாள் காலை வெள்ளை வரைபடம் சுவரில் இல்லை. நீலத்துக்குச் சட்டம் போட்டாகிவிட்டது. நாற்பது பள்ளிகள் கலந்துகொள்ளும் கணக்குக் கண்காட்சிக்கு அதைத்தான் அனுப்புகிறோமாம். "சார், அது பொய்க் கணக்கு" என்றேன். "குழந்தைங்க கைப்பட செஞ்சது, அதப் போயி பொய்ங்கிறீங்களே டீச்சர், மனசாட்சி வேணாமா?" என்றார். அண்ணா, என்னிடம் மனசாட்சியைக் கேட்கிறார்!

விளக்கம் சொல்ல வக்கீலை நிறுத்தினார்கள். ஒரு வாரம் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பெரிய அதிகாரி குனிந்து கன்னத்தைத் தட்டிக் கேட்டார். "யாரு பாப்பா அதிகமா தண்ணி குடிக்கிறாங்க?"

"இதுலயா சார், நெஜத்துலயா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இதுல நாங்க சார். நெஜத்துல பசங்க. டீச்சர் திட்டினதுக்கு அப்புறம் சும்மா வச்சது இது. எங்களுக்கு கக்கூஸ் பூட்டியிருக்கு."

அதிகாரி நிமிர்ந்து விசிலைப் பார்த்தார். விசில் என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரி, "பயங்கரமான வாய்! பெரிய ஆளா வருவா பாருங்க" என்று கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். முதல் பரிசு. குடிநீர் விழிப்புணர்வுக்குச் சிறப்புச் சான்றிதழ் வேறு. அதை இப்போது கழிப்பறையின் வெளிச்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வேறு இடத்தில் ஆணி இல்லையாம்.

ஒரு குழந்தை நாற்பது பள்ளிக்கு நடுவில் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதற்குக் கைதட்டியே அவள் வாயை அடைத்துவிட்டார்கள். அறைந்திருந்தால்கூட யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

நான் மேலே எழுதப்போகிறேன். எப்படி எழுத வேண்டும், யாருக்கு எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். சொல்லித் தா. காலப்போக்கைப் பற்றி மட்டும் எழுதாதே.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும். நீ நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அண்ணாவுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். நீ அவருக்கு என்னதான் எழுதுகிறாய்? உன் கடிதம் வந்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு படிக்கிறார். வெளியே வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன என்றால், "ஒண்ணுமில்ல, ஸ்கூல் விஷயம்" என்கிறார். போன வாரம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார். "ஓ, குடிப்பேனே" என்றாள். "எத்தன டம்ளர்?" என்றார். அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடிப்பதற்குள் இவர் எழுந்து போய்விட்டார்.

வேலை நிரந்தரமாகி இப்போதுதான் இரண்டு வருடம். அதற்கு முன்னால் நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். அவருக்கு மேலதிகாரிகளோடு ஏதாவது தகராறா? உனக்குத் தெரிந்தால் எனக்கு எழுது. கோபமாக மட்டும் எழுதாதே, அவர் தாங்கமாட்டார்.

அண்ணி

*

செப்டம்பர் 2

அண்ணா,

அண்ணிக்கு நான் பதில் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவன் நீ.

வக்கீல் ஒன்பது நாளாக வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, பாதி அறை இஸ்திரி மேசை. அதன் கீழே படுத்திருந்தாள். காய்ச்சல். சிறுநீர்ப்பையில் தொடங்கிய கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதாம். "போகும்போது எரியுதுன்னு அழுதா. நான்தான் வெயில்ல ஆடாதடின்னு திட்டிட்டேன்" என்றார் அவள் அம்மா. அவரும் என்னைப் போலத்தான். சுகாதார நிலையத்து டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: மாத்திரை மூன்று வேளை, தண்ணீர் நிறையக் குடிக்கவும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவள் என்னிடம் கேட்கிறாள். "டீச்சர், சரியாகி ஸ்கூலுக்கு வந்தா எத்தன குடிக்கணும்?"

 அந்த எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து சீட்டை வாங்கி மடித்து, தலையணைக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பெருக்கும் அம்மாவிடம் சாவி வாங்கித் திறந்தேன். மாதம் ஒருமுறை ஒட்டடை அடிக்க அவரிடம் கொடுப்பார்களாம். உள்ளே ஓடுகளில் கடைக்காரர் ஒட்டிய சீட்டுகூட இன்னும் உரிக்கவில்லை. நான்கு குழாய். ஒன்றைத் திருகினேன், கையோடு வந்துவிட்டது. பின்னால் குழாயே இல்லை, சுவரில் ஓட்டை மட்டும். வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தேன். கழிவுக்குழாய் சுவரைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே குழி இல்லை, தொட்டி இல்லை. வெறும் புல்.

அப்போதுதான் உன் ஜூலைக் கடிதம் நினைவுக்கு வந்தது. "குழாயில் தண்ணீரே வராத கட்டடம்" என்று எழுதியிருந்தாய். நான் பூட்டியிருக்கிறது என்று மட்டும்தான் எழுதினேன், அண்ணா. உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது?

விசிலிடம் கேட்டேன். அலமாரியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் போட்டார். நிறைவுச் சான்று. நான்கு அறை, தண்ணீர் இணைப்பு, கழிவுத்தொட்டி, எல்லாம் நேரில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது. கீழே உன் கையெழுத்து. வால் நீட்டி அதற்கடியில் இரண்டு புள்ளி வைப்பாயே, அது.

"மேல எழுதுங்க டீச்சர், நல்லா எழுதுங்க. மொதல்ல யாரு தல உருளும்னு பாத்துட்டு எழுதுங்க" என்றார். நான் வேலையில் சேர்ந்த படிவத்தில் உன் பெயரைப் பார்த்திருக்கிறார், மூன்று மாதமாக அவருக்குத் தெரியும். உனக்கும் தெரியும். தெரியாமல் உன்னிடம் போய், யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே கேள்வி. நேரில் பார்த்தாயா?

தங்கை

*

அக்டோபர் 6

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?

பார்க்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மார்ச்சில், ஒரு வாரத்துக்குள் முப்பத்தொரு கட்டடத்தை முடித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. ஒன்பதுக்கு நேரில் போனேன். மீதிக்கு ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்த போட்டோ. ரோஜா நிறச் சுவர், கதவில் குழந்தைப் படம், உள்ளே பளபளவென்று குழாய். மேலதிகாரி, "எல்லாத்தையும் தொட்டுப் பாத்துதான் போடுவீங்கன்னா வேற ஆள் இருக்கான்" என்றார். என் நிரந்தர ஆணை அவர் மேசையில் இருந்தது. எல்லாரும் அப்படித்தான் போட்டோம். யாரும் எல்லாவற்றையும் போய்ப் பார்த்துப் போட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பின்சுவரைப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் வரவில்லை. தொட்டி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் வேறு திட்டத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அதே கட்டடம்தான் என்று நீ எழுதிய நாளிலிருந்து தூக்கம் இல்லை.

வாக்குமூலம் போல ஒன்று எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். உன் பள்ளியைப் பற்றி முழுவதும் இருக்கிறது. நீ இதை என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம். அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை.

அண்ணன்

*

அக்டோபர் 10

அண்ணா,

வக்கீல் தேறிவிட்டாள். தினமும் பன்னிரண்டு மணிக்குத் தையல்காரம்மா வீட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். மற்ற பதினெட்டுப் பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ அனுப்பியதைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு பக்கம் அழகாக எழுதியிருக்கிறாய். அடியில் கையெழுத்து இல்லை. தேதியும் இல்லை. பார்க்காத கட்டடத்துக்குப் போட்ட கையெழுத்தை, பார்த்த பிறகு போட முடியவில்லையா?

"நீ என்ன செய்தாலும் சம்மதம்" என்றால் என்ன அர்த்தம்? நான் கொடுத்தால் அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள். கொடுக்காவிட்டால் உன்னைப் போல ஒருத்தி. இரண்டையும் என் தலையில் வைத்துவிட்டு நீ தூங்கப் பார்க்கிறாய். நடக்காது.

"எல்லாரும் அப்படித்தான்" என்று எழுதியிருக்கிறாய். எல்லாரும் என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளும் அல்ல, அவர்களின் அம்மாக்களும் அல்ல. எல்லாரும் என்றால் உன் அலுவலகத்தில் எத்தனை பேர்? எண்ணிச் சொல்.

முப்பத்தொன்றில் ஒன்பது போனால் இருபத்திரண்டு. நீ எழுதியது ஒன்றைப் பற்றி. தங்கை வேலை செய்கிற ஒன்று. மீதி இருபத்தொரு பள்ளியில் உனக்குத் தங்கை இல்லை, அதனால் அங்கே யாருக்கும் போக வேண்டியதில்லையா?

தங்கை

*

நவம்பர் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. உயிரோடு இருக்கிறோம்.

அண்ணிக்குச் சொன்னேன்.  மூன்றாம் நாள், "பட்டியல நான் எழுதித் தரேன், நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள். இருபத்திரண்டு பெயரும் அவள் கையெழுத்து. அடியில் என் கையெழுத்து. தேதியும் போட்டேன்.

நானே எங்கள் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். மனு வாங்கும் இடத்தில் இருந்த கிளார்க் என் கூடவே சேர்ந்தவர்தான். படித்துவிட்டு என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"என்னய்யா இது? தப்பே செய்யலன்னு எழுதிக் குடு, வாங்கிக்கிறேன். தெனம் பத்து வருது. செஞ்சேன்னு எழுதிட்டு வந்தா நான் எந்த ஃபைல்ல வைக்கிறது?"

"புதுசா ஒரு ஃபைல் போடு."

"தலைப்பு என்ன போட? பைத்தியம்னா?"

வாங்கவில்லை. மூன்று நாள் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், "உன்னால எனக்கு பிபி ஏறுது" என்று சொல்லி முத்திரை குத்தி எண் போட்டுக் கொடுத்தார். நகல் இத்துடன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஆணை வந்துவிட்டது. மேலதிகாரி எனக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லித் திரிகிறாராம். போட்டோக்கள் என்னிடம் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது.

ஒன்று கேட்கலாமா? உன் வகுப்புக்கு ஒரு நாள் வருகிறேன். முன்னால் நின்று எல்லாருக்குமாகச் சேர்த்து ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்து நிமிடம் போதும்.

அண்ணன்

*

நவம்பர் 9

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அண்ணிக்கு என் அன்பைச் சொல். பாப்பாவை அணைத்துக்கொள். மேலதிகாரி வாயைத் திறக்கட்டும், போட்டோக்களைத் தொலைத்துவிடாதே.

நேற்று இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். பின்சுவருக்குப் பக்கத்தில் புல்லைச் செதுக்கி, குழிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்போது தோண்டுவார்கள் என்று கேட்டால் தெரியாதாம். பிள்ளைகள் கோட்டைச் சுற்றி நின்று ஆழம் எவ்வளவு இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். விசில் அந்தப் பக்கமே வருவதில்லை.

எனக்கும் தாள் வந்துவிட்டது. டிசம்பர் முதல் தேதி வேறு பள்ளி. ஒழுங்குக்கு ஊறு விளைவித்தேனாம். அந்தப் பள்ளியின் பெயர் உன் பட்டியலில் பதினான்காவதாக இருக்கிறது. மாற்றியவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டைகளை இப்போதே வெட்ட ஆரம்பித்துவிட்டேன்.

நீ வரலாம். நவம்பர் முடிவதற்குள் வா. ஆனால் ஐந்து நிமிடம் போதாது. முன்னால் நிற்கவும் வேண்டாம், சேர்த்துக் கேட்கவும் வேண்டாம். தரையில் உட்கார். பத்தொன்பது பேரும் ஒவ்வொருத்தியாக வந்து உன் எதிரில் உட்காருவார்கள். ஒவ்வொருத்தியிடமும் தனியாகக் கேள். சிலர் சரி என்பார்கள், சிலர் சிரிப்பார்கள். வக்கீல் கேள்வி கேட்பாள், எல்லாவற்றுக்கும் பதில் சொல். மன்னிக்கமாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் அதையும் கேட்டுக்கொண்டு அடுத்தவளிடம் போ. ஒருத்தியிடம் கேட்டுவிட்டுப் பத்தொன்பதால் பெருக்கிக்கொள்ளாதே.

உன் தங்கை